கழுத்துக் குழாயின் அடைப்பும் நினைவாற்றலும்

கணக்குத் தணிக்கைக்குச் சென்றிருந்தபோது, வடசேரிப் பகுதி முதிய நெசவாளர் ஒருவர் ஒரு செய்தி கூறினார். தறியில் அமர்ந்திருக்கையில் வலக்கை திடீரெனச் சோர்ந்து, வாய் குழறியதாம். கால் மணி நேரத்தில் யாவும் சரியாயிற்றாம். பித்த மயக்கம் என்றெண்ணி, சுக்கு நீர் அருந்திவிட்டு மீண்டும் நெய்தாராம். அங்கத்தினர்கள் இத்தகைய குறியை அசட்டை செய்யலாகாது என்பதற்காகவே இதனை எழுதலானேன்.

கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருங்குழாய்கள் உள்ளன. புகையிலை, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு முதலியவற்றால் அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து பாதை குறுகும். பேச்சிப்பாறைக் கால்வாயில் தூர் மண்டுவது போன்றதே இது. படிவிலிருந்து பிரியும் துணுக்கு மூளையின் நுண்குழாயை அடைத்தால் பக்கவாதம். அடைத்து உடனே விலகினால், நெசவாளர் கண்டது போன்ற முன்னறிவிப்பு.

இத்தகைய குறி தோன்றி, குழாய் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் குறுகியவர்களை வட அமெரிக்காவில் ஆராய்ந்தனர். 1991-இல் வெளியான முடிவின்படி, மருந்து மட்டும் உட்கொண்டோரில் 100-க்கு 26 பேருக்கு இரண்டாண்டுக்குள் அப்பக்கத்துப் பக்கவாதம் வந்தது; அறுவையும் செய்துகொண்டோரில் 9 பேருக்கே வந்தது.

ஆயின், பாவின் இழை எண்ணும் திறனும் வரவு செலவு நினைவும் சிகிச்சையால் மீளுமா? சிலருக்கு அறிவு தெளிகிறது, பலருக்கு மாற்றமில்லை, சிலருக்குக் குன்றுவதும் உண்டு. இரத்த ஓட்டம் பெருகுவது நன்மை. ஆனால் தூர் வாருகையில் கலங்கிய மண் கடைமடையைச் சேர்வது போல, சிகிச்சையின்போதே துணுக்குகள் மூளைக்குச் செல்லக்கூடும். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டென்ட் எனும் வலைக்குழல் பொருத்தப்பெற்ற 124 பேரில் 62 பேரின் மூளைப்படத்திலும், அறுவை செய்துகொண்ட 107 பேரில் 18 பேரின் படத்திலும் புதிய புள்ளிகள் காணப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை வெளிக்குறி காட்டாதவை.

ஆகவே, இச்சிகிச்சை வரவிருக்கும் பக்கவாதத்தைத் தடுப்பதற்கேயன்றி, இழந்த நினைவை மீட்பதற்கென்று உறுதி கூறத்தக்கதன்று. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நினைவாற்றலைச் சோதிக்குமாறு மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம்.

கை சோர்தல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு கண் இருளுதல் ஆகியவை கண நேரமே தோன்றினும் 108-ஐ அழைத்து, தாமதமின்றி மருத்துவமனை சேர்க. புகையிலையை விடுக. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வாயிலாக இல்லத்துக்கே வரும் இரத்தக் கொதிப்பு மாத்திரைகளைத் தவறாது உட்கொள்க.

அந்நெசவாளர் அன்றே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் புறப்பட்டார். தறி ஒரு நாள் நின்றால் நட்டம் சிறிதே. நெய்யும் கை நின்றால் ஈடு செய்ய எந்தச் சங்கத்தாலும் இயலாது.