சுகோதையில் இரண்டு இரவு

தாய்லாந்தின் சுகோதை வரலாற்றுப் பூங்காவுக்குப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, அறை எடுப்பதிலேயே நடந்துவிடுகிறது. பேருந்து கொண்டுபோய் விடுவது புது ஊரில். இடிபாடுகள் இருப்பதோ அங்கிருந்து 12 கிலோமீட்டர் மேற்கே, பழைய ஊரில். புது ஊரில் தங்கி, காலைப் பலகாரம் முடித்துக் கிளம்பினால், வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். பழைய ஊரிலேயே, மதிலையொட்டித் தங்குங்கள். இரண்டு இரவு வேண்டும்.

பாங்காக்கிலிருந்து பேருந்தில் ஆறேழு மணி நேரம். ரயில்தான் பிடிக்கும் என்றால் பிட்சனுலோக்கில் இறங்கி, மேலும் 60 கிலோமீட்டர் சாலைவழி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். ஏப்ரல் வேண்டவே வேண்டாம். நவம்பர் பௌர்ணமியில் தண்ணீரில் விளக்கு மிதக்கவிடும் லோய் கிராத்தோங் திருவிழாவுக்குப் போவதானால், அறையை வெகு முன்பே பிடித்துவிட வேண்டும்.

பூங்காவின் பரப்பு சுமார் 70 சதுர கிலோமீட்டர். நடந்து மாளாது, வாசலருகே வாடகை சைக்கிள் கிடைக்கும். நடுப் பகுதி, வடக்கு, மேற்கு மூன்றுக்கும் தனித்தனி டிக்கெட்.

போய்ச் சேர்ந்த அன்று மாலை நடுப் பகுதி போதும். வாட் மஹாதாத் கோயிலின் தாமரை மொட்டுக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, பொழுது சாயும் நேரம் குளத்தின் நடுவே நிற்கும் வாட் சா சிக்கு வந்துவிடுங்கள். மறுநாள் விடியலில் மேற்கே வாட் சபான் ஹின். பலகைக்கல் பரப்பிய பாதையில் குன்றேறினால், 12.5 மீட்டர் உயரப் புத்தர் கிழக்கு நோக்கி நிற்கிறார். திரும்பும் வழியில் வடக்கே வாட் சி சும். கூரையில்லாத மண்டபம், சுவரில் குறுகலான திறப்பு. அதன் வழியே முதலில் முகம் மட்டும் தெரியும். கிட்டே போகப் போக, 15 மீட்டர் உயரத்தில் அமர்ந்த புத்தர் முழுதாக விரிவார். ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

உச்சி வெயிலுக்கு, ராம்காம்ஹேங் அரசரின் பெயர் கொண்ட அருங்காட்சியகம். 1292 என்று ஆண்டு சொல்லப்படும் அந்த அரசரின் கல்வெட்டுக்கு இங்கே நகல் இருக்கிறது, மூலம் பாங்காக்கில். அது பிற்காலத்தது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. கல்வெட்டிலுள்ள தாய் எழுத்து கெமர் எழுத்திலிருந்து வந்தது. கெமருக்கு மூலம் பல்லவ எழுத்து. ஊர்ப்பெயரும் நமக்கு அந்நியமில்லை: சுக உதயம்.

குறையுள்ள குடிமக்கள் அடிப்பதற்காக வாசலில் மணி கட்டியிருந்ததாக அந்தக் கல்வெட்டு சொல்கிறது. திருவாரூர்க்காரர்கள் சிரித்துக்கொள்வார்கள். பூங்காவில் அரசர் சிலைக்குப் பக்கத்தில் இன்றும் ஒரு மணி தொங்குகிறது. பசுவைத்தான் காணோம்.