கருவி பார்க்கட்டும், பதில் சொல்ல ஆள் இருக்கட்டும்



நம் ஆத்தூர் வட்டாரத்தில் சர்க்கரை நோயாளி இல்லாத தெருவைக் காண்பது அரிது. இந்த நோய் கண்ணின் விழித்திரையை ஓசையின்றி அரிக்கும். பார்வை மங்குவதை நாம் உணரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆண்டுதோறும் விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்தால் முன்கூட்டியே தடுக்கலாம். ஆனால் அத்தனை படங்களையும் பார்க்கக் கண் மருத்துவர்கள் போதாது.

இக்குறையைத் தீர்க்கவே செயற்கை நுண்ணறிவு வந்தது. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் கூகுள் நிறுவனமும் இதில் இணைந்து உழைத்தன. ஆய்வு முடிவு 2016-இல் வெளிவந்தது. 2019-இல் மதுரையில் இக்கருவி நோயாளிகளுக்குப் பயன்படுவதாக அறிவிக்கப்பட்டது.

கணினி எப்படிக் கற்றது? 1,28,000-க்கும் மேற்பட்ட விழித்திரைப் படங்களை 54 மருத்துவர்கள் தரம் பிரித்தார்கள். ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 பேர் வரை பார்த்தார்கள். ஆக, கணினியின் அறிவு அந்த மருத்துவர்கள் தந்த அறிவே. அது நல்ல கொடை. அதை நாம் அஞ்சி ஒதுக்க வேண்டியதில்லை.

ஆயினும் அதன் எல்லையை அறிய வேண்டும். இதே கருவியைத் தாய்லாந்து நாட்டுச் சிறு மருத்துவமனைகளில் பயன்படுத்தியபோது, தெளிவில்லை என்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு படத்தை அது தள்ளிவிட்டது. போதிய இருட்டறை வசதி இல்லாதது ஒரு காரணம். மறுபடி வா என்றால் ஏழைக்கு ஒருநாள் கூலி போகும். அது கணினிக்குத் தெரியாது, அருகில் நிற்கும் செவிலியருக்குத் தெரியும். மேலும், ஒரு நோயைக் காணப் பழக்கிய கருவி 'நோய் இல்லை' என்றால், அந்த ஒரு நோய் இல்லை என்றுதான் பொருள். கண் நீர் அழுத்தம் போன்ற வேறு நோய் இருக்கலாம்.

எனவேதான் மனிதரின் மேற்பார்வை தேவை. கணினி சொன்னதற்குக் கீழே கையெழுத்திடுவது மேற்பார்வை ஆகாது. சந்தேகம் வந்தால் மறுத்துச் சொல்லும் அறிவும் நேரமும் உரிமையும் அந்த மருத்துவருக்கு இருக்க வேண்டும். தவறு நேர்ந்தால் நோயாளியின் முகம் பார்த்துப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கருவியிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது.

2025 சனவரி 28 தேதியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' என்ற வத்திக்கான் ஏடு, சிகிச்சை பற்றிய முடிவும் அதன் பொறுப்பும் மனிதரிடமே இருக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2023-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் மனித மேற்பார்வையை வலியுறுத்துகிறது.

பெத்சாய்தாவில் பார்வையற்றவர்மீது கை வைத்த ஆண்டவர், ஏதாவது தெரிகிறதா என்று அவரிடமே கேட்டார். சரியாகத் தெரியவில்லை என்றதும் மீண்டும் கை வைத்தார். கேட்பதும், திரும்பப் பார்ப்பதும் குணமாக்கும் பணியின் பகுதி என்பதை இதில் கற்கிறோம்.

ஆகவே, சர்க்கரை நோயுள்ளவர்கள் இவ்வாண்டு தவறாமல் விழித்திரைப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். அங்கே மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: இந்த முடிவைச் சொன்னது கணினியா? மருத்துவர் பார்த்தாரா? ஐயம் வந்தால் நாங்கள் யாரிடம் வர வேண்டும்? வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் இருந்தால், பிள்ளைகள் உடன் சென்று அவருக்காகக் கேளுங்கள்.