இன்ஜின் ஏறி இறங்குகிறதா? ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள்

ஐப்பசி, கார்த்திகையில் சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா வயலில் தேங்கும் மழைநீரை இறைக்க, கரண்ட் இல்லாத இடத்தில் கைகொடுப்பது பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன இன்ஜின் பம்ப்தான். இளம் பயிர் நாள்கணக்கில் மூழ்கினால் அழுகிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான், மாதக்கணக்கில் கொட்டகையில் கிடந்த இன்ஜின் ஒரே வேகத்தில் நிற்காமல் ஏறி இறங்கும். உடனே கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகுவோம். நானும் திருகியிருக்கிறேன். கோளாறு அங்கேயே இருக்கும். இருந்த செட்டிங்கும் போய்விடும்.

பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சல்தான் கார்புரேட்டர் வழியே காற்றையும், ஜெட் வழியே எரிபொருளையும் இழுக்கிறது. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையே உள்ள கேஸ்கட் கிழிந்தால் அந்த வழியாகவும் காற்று புகும், எரிபொருள் போதாது. வேகம் குறைந்ததும் கவர்னர் திறந்துவிடும், கூடியதும் மூடும். அதனால்தான் இந்த ஏற்ற இறக்கம்.

பம்பில் தண்ணீர் ஊற்றி, பெட்ரோலிலேயே ஓட்டிப் பாருங்கள். சூடேறும் முன் மண்ணெண்ணெய்க்கு மாற்றினாலும் இன்ஜின் திணறும் என்பதால், சோதனையில் அது வேண்டாம். சோக்கைப் பாதி மூடுங்கள். சீராக ஓடினால் ஒன்று காற்று புகுகிறது, அல்லது ஜெட் அடைத்திருக்கிறது. எது என்று அறிய, கார்புரேட்டர் இணைப்பைச் சுற்றி இன்ஜின் ஆயிலைப் பிரஷ்ஷால் தடவுங்கள். சத்தம் சீரானால் கேஸ்கட்தான் காரணம். பெட்ரோலை மட்டும் தெளித்துப் பார்க்காதீர்கள். பக்கத்திலேயே சைலன்சர் கொதிக்கும். கேஸ்கட்டுக்குப் பதில் சைக்கிள் டியூப் வெட்டி வைப்பதும் நிற்காது.

ஆயில் தடவியும் மாற்றமில்லையா? இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றுங்கள். பழைய பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைத்திருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுத்து வைத்திருக்கும். ஜெட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டால் துளை பெரிதாகிவிடும்.

கயிறு கையைப் பின்னுக்கு உதறினாலோ, கார்புரேட்டர் வழியே வெடித்தாலோ டைமிங்கைச் சந்தேகியுங்கள். பழைய அம்பாசிடர் பெட்ரோல் காரில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங் வைப்பார்கள். இதில் அந்த வேலை இல்லை. மேக்னட் உள்ள ஃபிளைவீலைத் தண்டோடு பிடித்திருப்பது ஒரு சின்ன சாவித்துண்டு. நட்டு தளர்ந்தாலோ, ஓட்டத்தில் இன்ஜின் திடீரென இறுகி நின்றாலோ அது பாதி வெட்டுப்படும். ஃபிளைவீல் கொஞ்சம் நகர்ந்தாலே தீப்பொறி நேரம் தவறும். சாவியை மாற்றி, நட்டை நன்றாக முடுக்குங்கள். பாயின்ட் உள்ள பழைய மாடலில் இடைவெளி கூடினால் தீப்பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். இன்ஜினோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவை ஃபீலர் கேஜ் வைத்துச் சரிபாருங்கள்.

கிணற்றுக்குள்ளோ மூடிய கொட்டகையிலோ வைத்து ஓட்டிப் பார்க்கவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். வேலை முடிந்ததும் பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் காலை எத்தனை இழுப்பு இழுத்தாலும் கிளம்பாது.