201-ஆவது யூனிட்டின் விலை ரூ.1,600!

பெங்களூரு கன்டோன்மென்ட்டை ஒட்டிய ஆஸ்டின் டவுனில், ஒரே மின் மீட்டரில் இரு குடித்தனங்கள் வசிக்கும் ஒரு சிறு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாடியில் ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம். இரு வீட்டாரும் சிக்கனக்காரர்கள். மாதத்துக்குத் தலா 105 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிப்பதில்லை. ஆனால், மீட்டர் காட்டுவது 210 யூனிட். கர்நாடக அரசின் "கிருஹ ஜோதி' இலவச மின்சாரத் திட்டத்தின் உச்ச வரம்பு 200 யூனிட். எனவே, அந்த வீட்டுக்கு ஒரு யூனிட்கூட இலவசம் இல்லை.

2025-26-ஆம் ஆண்டுக்கான கட்டண விகிதப்படி, 2 கிலோவாட் இணைப்புள்ள அந்த வீட்டுக்கு வரும் பில் ஏறத்தாழ 1,690 ரூபாய். அதே குடும்பங்களுக்குத் தனித்தனி மீட்டரும், அவற்றில் போதிய முந்தைய பயன்பாட்டுக் கணக்கும் இருந்திருந்தால், இருவருக்கும் பில் பூஜ்யமாக வந்திருக்கக் கூடும்.

மின் கட்டணம் ஏன் எகிறுகிறது என்று கேட்போர் பெரும்பாலும் ஏ.சி.யையும் பிரிட்ஜையும் சந்தேகிக்கின்றனர். சந்தேகம் நியாயமானதுதான். ஆனால், கடந்த சில ஆண்டுகளாக பெங்களூருவில் பில்லின் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிப்பது சாதனங்கள் மட்டுமல்ல. எந்த எண்ணில் கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது, கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும், கணக்கு குடும்பத்துக்கா மீட்டருக்கா என்பவையே பெரிய தொகையை முடிவு செய்கின்றன. இவை பொறியாளர்கள் அல்ல, ஆட்சியாளர்களும் ஆணையங்களும் எடுக்கும் முடிவுகள்.

வாக்கு எண்ணிக்கைக்கு முதல் நாள்

கிருஹ ஜோதி, காங்கிரஸ் கட்சி 2023-ஆம் ஆண்டு சட்டப்பேரவைத் தேர்தலுக்காக அறிவித்த முதல் வாக்குறுதி. அவ்வாண்டு ஜனவரி 11-ஆம் தேதி பெலகாவி மாவட்டம் சிக்கோடியில் அது அறிவிக்கப்பட்டது. மே 10-ஆம் தேதி வாக்குப்பதிவு. 13-ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. இடைப்பட்ட மே 12-ஆம் தேதி, கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம் யூனிட்டுக்குச் சராசரியாக 70 காசு கட்டண உயர்வை அறிவித்தது. உயர்வு ஏப்ரல் 1-ஆம் தேதியில் இருந்தே செல்லும் என்றும் உத்தரவில் கூறப்பட்டது.

விளைவு ஜூன் மாத பில்லில் தெரிந்தது. இலவச மின்சாரம் வரப்போகிறது என்று காத்திருந்த வீடுகளுக்கு, நிலுவையும் சேர்ந்த பில் வந்து சேர்ந்தது. முந்தைய ஆட்சிக் காலத்து முடிவு என்றது புதிய அரசு. ஜூன் 22-ஆம் தேதி தொழில் வர்த்தக அமைப்புகள் மாநிலம் தழுவிய கடையடைப்பு நடத்தின.

அந்த உத்தரவில் ஒரு விசித்திரமான விதி இருந்தது. 100 யூனிட் வரை யூனிட்டுக்கு ரூ.4.75. நூறைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டில் இருந்தே ரூ.7. அதாவது, 100 யூனிட்டுக்கு 475 ரூபாய். 101 யூனிட்டுக்கு 707 ரூபாய். ஒரு யூனிட்டுக்காக 232 ரூபாய் கூடுதல்!

இந்த விதி 2024 ஏப்ரல் 1 முதல் கைவிடப்பட்டு, எல்லா யூனிட்டுகளுக்கும் ஒரே விகிதமாக ரூ.5.90 நிர்ணயிக்கப்பட்டது. 2025-26-ஆம் ஆண்டில் அது ரூ.5.80 ஆனது. நூறில் இருந்த பள்ளம் மூடப்பட்டுவிட்டது. இருநூறில் இருப்பதோ மிகப் பெரிய பள்ளம்.

பில்லில் உள்ள வரிகள்

மின் பில்லைக் கையில் வாங்கியதும் கடைசி வரித் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதே நம் வழக்கம். மேலே உள்ள வரிகளில்தான் விஷயம் இருக்கிறது.

முதலாவது, நிலைக் கட்டணம். ஒரு யூனிட்டும் பயன்படுத்தாவிட்டாலும், அனுமதிக்கப்பட்ட மின்பளுவின் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் இது உண்டு. 2024-25-இல் கிலோவாட்டுக்கு 120 ரூபாயாக இருந்தது 2025-26-இல் 145 ரூபாயானது. யூனிட் விலையில் 10 காசு குறைத்த அதே உத்தரவுதான் இங்கே 25 ரூபாய் கூட்டியது. தேவைக்கு மேல் 5 கிலோவாட் அனுமதி வாங்கி வைத்திருந்த வீடு 2025-26-இல் மாதந்தோறும் 725 ரூபாயை இந்த ஒரு வரிக்கே தந்தது. உண்மைத் தேவை 3 கிலோவாட்தான் என்றால், மின்பளுவைக் குறைக்க விண்ணப்பித்து, அந்த விகிதப்படி 290 ரூபாயை மிச்சப்படுத்தியிருக்கலாம். மற்ற சிக்கனங்களைப் போல் இதற்காகத் தினமும் எதையும் அணைக்க வேண்டியதில்லை.

அடுத்து, ஓய்வூதியக் கூடுதல் கட்டணம். மின் தொடரமைப்புக் கழகம் மற்றும் மின் விநியோக நிறுவனங்களின் ஊழியர்களுக்கான ஓய்வூதியம், பணிக்கொடை ஆகியவற்றில் அரசின் பங்காகக் கருதப்பட்டு வந்த தொகை, 2025 ஏப்ரல் முதல் நுகர்வோரிடம் வசூலிக்கப்படுகிறது; 2025-26-இல் யூனிட்டுக்கு 36 காசு. யூனிட் விலை 10 காசு குறைந்தது என்ற செய்தியோடு சேர்த்துப் படிக்க வேண்டிய வரி இது.

மூன்றாவது, எரிபொருள் மற்றும் மின் கொள்முதல் விலைச் சரிக்கட்டல். மாதத்துக்கு மாதம் மாறும். இதை ஆணையத்தின் ஒப்புதல் பெற்று வசூலிக்கும் முறையை மாற்றி, மாதந்தோறும் தானாகவே பில்லில் ஏற்றிக்கொள்ள வழி செய்தது 2022 டிசம்பரில் மத்திய மின் துறை அமைச்சகம் வெளியிட்ட திருத்த விதி. பெங்களூருவில் பெஸ்காம் அனுப்பும் பில்லாயினும், இந்த வரிக்கான ஊற்றுக்கண் தில்லியில் உள்ளது. கடைசியாக, 9 சதவீத மின்சார வரி.

இப்போது 2025-26 விகிதப்படி 201 யூனிட்டுக்குக் கணக்கிடலாம். 2 கிலோவாட்டுக்கு நிலைக் கட்டணம் 290 ரூபாய், யூனிட் விலை 1,166, ஓய்வூதியத்துக்காக 72, வரி 105. மொத்தம் சுமார் 1,630 ரூபாய், எரிபொருள் சரிக்கட்டல் நீங்கலாக. தகுதி வரம்பு 200-ஐத் தொடும் வீட்டுக்கு 200 யூனிட்டுக்கு பூஜ்யம். ஆக, அந்த 201-ஆவது யூனிட்டின் விலை 1,600 ரூபாய்க்கும் மேல்.

சிக்கனத்துக்குத் தண்டனை

எல்லா வீடுகளுக்கும் 200 யூனிட் இலவசம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியல்ல. 2022-23-ஆம் நிதியாண்டில் அந்த வீட்டின் மாதச் சராசரிப் பயன்பாடும், அதன் மேல் 10 சதவீதமும்தான் தகுதி வரம்பு. குறைவாகப் பயன்படுத்துவோருக்கு 10 சதவீதத்துக்குப் பதிலாக 10 யூனிட் என்று 2024 ஜனவரியில் மாற்றப்பட்டது. முந்தைய கணக்கே இல்லாத புதிய வீடுகளுக்கு மாநிலச் சராசரியான 53 யூனிட்டை அடிப்படையாக வைத்து 58 யூனிட் தரப்பட்டது. வரம்பைத் தாண்டி, ஆனால் 200-க்குள் நிற்பவர்கள் கூடுதல் யூனிட்டுகளுக்கு உரிய தொகையைச் செலுத்த வேண்டும்.

2022-23-இல் விளக்கை அணைத்து அணைத்து 60 யூனிட்டில் குடும்பம் நடத்தியவருக்கு இலவசம் 70 யூனிட்டுக்குள். அதே ஆண்டில் தாராளமாக 170 யூனிட் செலவழித்தவருக்கு 187 யூனிட். சலுகை தேவையை ஒட்டி அமைய வேண்டும் என்ற எந்தக் கொள்கையோடும் இது பொருந்தவில்லை. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பயன் தரும் திட்டம் என்பதை மறுப்பதற்கில்லை; அதன் அளவுகோல் கோணலாக இருப்பதையும் மறுப்பதற்கில்லை.

தில்லியில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் 200 யூனிட் வரை பில் பூஜ்யம்; 201 முதல் 400 வரை பில்லில் பாதி, அதிகபட்சம் 800 ரூபாய் மானியம். அங்கும் பள்ளம் உண்டு. ஆனால் இரண்டு படிகளாக. தமிழகத்தில் 2016 மே மாதம் வந்த 100 யூனிட் சலுகை, எவ்வளவு பயன்படுத்தினாலும் இரு மாதங்களுக்கு ஒரு முறை கழிக்கப்படும் வகையில் அமைந்தது. பள்ளம் 500-இல் இருந்தது: 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501-க்கு 1,958 ரூபாய். சென்னைவாசிகள் 233 ரூபாய்க்கே கொதித்தார்கள் என்பதை ஆஸ்டின் டவுன் உறவினர்கள் சற்றுப் பொறாமையோடு கேட்டுக்கொள்ளலாம்.

பத்து யூனிட்டை எங்கே தேடுவது?

210 யூனிட் வீட்டுக்குத் தேவை பத்து யூனிட் குறைப்பு. 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2 கிலோவாட் கீசர் தினமும் பத்து நிமிடம் கூடுதலாக ஓடினால், மாதத்துக்குப் பத்து யூனிட். குளிர்ந்த பெங்களூருக் காலைகளில் கீசர் சுவிட்சை மறந்துவிடுவது எத்தனை வீடுகளில் நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 

பழைய மின்விசிறி சுமார் 75 வாட். தினமும் 12 மணி நேரம் சுழன்றால் மாதம் 27 யூனிட். 30 வாட் அளவில் ஓடும் புதுவகை விசிறிக்கு 11 யூனிட் போதும். ஒரே ஒரு விசிறியை மாற்றினால் 16 யூனிட் மிச்சம். குண்டு பல்பு இன்னும் எரிகிற வீடு இருந்தால் அதைப் பற்றி எழுதுவதே வீண். ஏ.சி. உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு: நட்சத்திர முத்திரையில் அச்சிட்டுள்ள ஆண்டு யூனிட் கணக்கு, 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போடப்பட்டது. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு.

கூரையில் சூரிய மின்தகடு பதிக்க 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட மத்தியத் திட்டம் 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. கூரை சொந்தமாக உள்ளவருக்கு நல்ல திட்டம். வாடகைக் குடித்தனக்காரருக்கு மொட்டை மாடியில் துணி காயப்போடும் உரிமைகூடச் சில இடங்களில் கிடையாது.

தனி மீட்டர் என்ற கனவு

ஆஸ்டின் டவுனின் பில் பிரச்னை இங்கேதான் மையம் கொள்கிறது. ஒரு காலத்துச் சிறு வீடுகள் மாடி மேல் மாடியாக வளர்ந்து, அறை அறையாகப் பிரிந்து வாடகைக்கு விடப்படும் பழைய பெங்களூருப் பகுதிகளில், சப்-மீட்டர் வைத்து வீட்டு உரிமையாளர் வசூலிக்கும் முறை புதிதல்ல. பெஸ்காமின் கணக்கில் இருப்பது ஒரே ஓர் ஆர்.ஆர். எண். கிருஹ ஜோதிக்குப் பதிவு செய்வதும் அந்த ஓர் எண்ணுக்குத்தான்.

சட்டம் குடித்தனக்காரர் பக்கம் இருக்கிறது. மின்சாரச் சட்டம் 2003-இன் 43-ஆவது பிரிவு, கட்டடத்தின் உரிமையாளர் மட்டுமல்ல, அதில் வசிப்பவர் விண்ணப்பித்தாலும் ஒரு மாதத்துக்குள் மின் இணைப்புத் தர வேண்டும் என்கிறது. நடைமுறை வேறு. சட்ட விரோதக் கட்டடங்கள் தொடர்பான வழக்கில் 2024 டிசம்பர் 17-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, பணி நிறைவுச் சான்றும் குடிபுகுவதற்கான சான்றும் இல்லாத கட்டடங்களுக்குப் புதிய இணைப்பு தருவது கர்நாடகத்தில் நிறுத்தப்பட்டது. சிறு மனைகளில் உள்ள வீடுகளுக்கு 2025-இல் மாநில அரசு விலக்கு அளித்தது. அதற்குள் இன்னொரு செலவும் சேர்ந்துகொண்டது: 2025 பிப்ரவரி 15 முதல் புதிய இணைப்புகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் கட்டாயமாக்கப்பட்டது. ஒருமுனை மீட்டருக்குச் சுமார் 5,000 ரூபாய். விலை அதிகம் என்று எழுந்த சர்ச்சை சட்டப்பேரவை வரை சென்றது.

வாடகைதாரருக்கு வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி கிருஹ ஜோதியில் சேரும் உரிமை தொடக்கம் முதலே உண்டு. வீடு மாறும்போது பழைய வீட்டின் எண்ணில் இருந்து தமது ஆதாரை விடுவித்து, புதிய வீட்டின் எண்ணுடன் இணைத்துக்கொள்ளும் வசதி 2024 ஆகஸ்டில் வந்தது. ஆனால், இதெல்லாம் தனி மீட்டர் உள்ளவருக்கு.

பில்லே தவறு என்று கருதுவோர் செய்ய வேண்டியது வேறு. மீட்டர் அளவில் சந்தேகம் இருப்பதாகப் புகார் அளித்தால், ஐந்து நாள்களுக்குள் கூடுதல் மீட்டர் பொருத்தி, குறைந்தது மூன்று மாதப் பயன்பாட்டை ஒப்பிட வேண்டும் என்பது மத்திய அரசின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்யப்பட்ட திருத்தம். தகராறு தீரும் வரை மின்சாரத்தைத் துண்டித்துவிடுவார்கள் என்ற அச்சத்துக்கும் சட்டத்தில் மருந்து உண்டு. 56-ஆவது பிரிவின்படி, கட்டணம் கட்டாதவருக்கு 15 நாள் எழுத்துப்பூர்வ முன்னறிவிப்பு தர வேண்டும். கோரப்பட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாதச் சராசரியில் கணக்கிட்ட தொகையையோ, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் செலுத்தியவரின் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. புகாரை முதலில் 1912 என்ற எண்ணிலும், பின்னர் நுகர்வோர் குறைதீர் மன்றத்திலும், அங்கும் தீராவிட்டால் மின்சாரக் குறைதீர்ப்பாளரிடமும் எடுத்துச் செல்லலாம்.

ஒரே மீட்டரின் கீழ் வாழும் இரண்டாவது குடும்பத்துக்கு இந்த வழிகள் எளிதில் திறப்பதில்லை. பில்லில் இருப்பது வீட்டு உரிமையாளரின் பெயர். பெஸ்காமின் பதிவேட்டில் அக்குடும்பத்துக்கென ஓர் எண் இல்லை. ஆட்சேபிக்கவும் அவர்கள் உரிமையாளரைத்தான் நாட வேண்டியிருக்கிறது.