கறுப்புக் காய்களும் கற்கும் நூல்களும்

சதுரங்கம் ஒத்த படைகள் எதிர்நின்று பொரும் ஆட்டம். இரு பக்கத்தும் காய்கள் பதினாறு. அவற்றின் ஆற்றலும் ஒன்றே. எனினும் முதற் காயை நகர்த்தும் உரிமை என்றும் வெள்ளைக்கே உரியது. ஆதலால் வெள்ளைக் காய் கொண்டு ஆடுவோன் தான் விரும்பிய வழியிற் புறப்படுகின்றான். கறுப்புக் காய் கொண்டு ஆடுவோனோ பிறன் தொடங்கியதற்கு விடை கூறுபவனாகின்றான். இவ்வேற்றுமை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஆட்டத்தின் தொடக்கத்தைக் கற்பதற்கு நூல் தேடும் மாணவன் முதலில் மனங்கொள்ள வேண்டியது இதுவே. வினாவைத் தெரிபவனுக்கு வேண்டிய பயிற்சி வேறு; எவ்வினா வரினும் விடை தர வேண்டியவனுக்குரிய பயிற்சி வேறு அன்றோ?

முன்னாளிற் சதுரங்க நூல் கிடைப்பதே அரிதாயிருந்தது. இன்று நூல்கள், ஒளிப்பதிவுப் பாடங்கள், இலட்சக்கணக்கான ஆட்டங்களைத் தொகுத்து வைத்திருக்கும் கணினிக் களஞ்சியங்கள் ஆகிய யாவும் கைத்தொலைபேசியிலேயே வந்து குவிகின்றன. இன்றைய இடர் குறைவினால் வருவதன்று, மிகுதியினால் வருவது. பாடங்களுக்கிடையே வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்தையே இவ்வாட்டத்துக்கு ஒதுக்கக்கூடிய மாணவன், தனக்குப் பொருந்தாத நூலொன்றைப் பற்றிக்கொள்வானாயின் ஓராண்டு உழைப்பும் பெற்றோர் கொடுத்த பணமும் வீணாகும். எனவே எதனைத் தெரிவது, எதனைத் தவிர்ப்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் துணைகொண்டு ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாகக் காரோ–கான் காப்பினைக் கொள்வோம். இங்கிலாந்திற் பிறந்து பேர்லினில் வாழ்ந்த ஹொரேஷியோ காரோ, ஒஸ்திரியரான மார்க்கஸ் கான் ஆகிய இருவரும் ஆராய்ந்து 1886இல் வெளியிட்டமையால் இது அப்பெயர் பெற்றது. சதுரங்கப் பலகையின் நிரல்களை ஏ முதல் எச் வரையும், வரிசைகளை வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையும் குறிக்கும் முறையை இங்குக் கையாள்கின்றோம். வெள்ளை ஈ4இற் காலாளை நிறுத்த, கறுப்பு சி6இல் நிறுத்தும். வெள்ளை டி4 என ஆட, கறுப்பு டி5 என எதிர்க்கும். சி6இல் உள்ள காலாள் டி5இல் உள்ளதற்கு ஊன்றுகோல். பிரெஞ்சுக் காப்பில் ஈ6இற் காலாளை வைப்பதனால், மூலைவிட்டமாய்ச் செல்லும் மந்திரிகளுள் அரசி பக்கத்து மந்திரி அடைபட்டுப்போகும். இங்கோ அதன் வழி திறந்திருக்கும். இக்காப்பின் உயிர்க் கருத்து இவ்வளவே. மிகையில் பொட்வின்னிக் 1958இற் சிமிஸ்லோவிடமிருந்தும், 1961இல் தாலிடமிருந்தும் உலகப் பட்டத்தை மீட்ட காலத்தில் இக்காப்பினைக் கையாண்டார்.

இனி, இதனைக் கற்பிக்கும் நூல்களை நால்வகையாகப் பிரிக்கலாம். எல்லாத் தொடக்கங்களையும் அட்டவணை போலத் தரும் பெருநூல்கள் முதல் வகை. 1911இல் இங்கிலாந்தில் முதன்முதல் வெளிவந்த ‘மொடேர்ன் செஸ் ஓப்பினிங்ஸ்’, 1974 முதல் பெல்கிரேட்டில் வெளியான தொடக்கக் கலைக்களஞ்சியம் ஆகியன இவ்வகையின. பின்னதிற் காரோ–கான் பி10 முதல் பி19 வரையுள்ள பிரிவுகளில் அடங்கும். கருத்துகளை மட்டும் விளக்கும் நூல்கள் இரண்டாம் வகை; அமெரிக்க வீரர் ரூபன் ஃபைன் 1943இல் வெளியிட்ட நூல் இதற்குச் சான்று. வெள்ளையின் ஒவ்வொரு வழிக்கும் கறுப்புக்கு ஒரு விடையைத் தெரிந்து விளக்கும் நூல்கள் மூன்றாம் வகை. ஜொவாங்கா ஹவுஸ்கா 2007இலும் லார்ஸ் ஷாண்டார்ஃப் 2010இலும் காரோ–கானுக்கு இத்தகைய நூல்களை வெளியிட்டனர். முழு ஆட்டங்களின் தொகுப்பு நான்காம் வகை.

இந்நான்கனுள் தொடக்க மாணவனுக்கு மூன்றாம் வகையே முதற்கண் ஏற்றது. ஆயினும் அவ்வகை நூல்கள் யாவும் ஒரு தரத்தன அல்ல. ஆதலின் நூலை வாங்குமுன் மூன்று சோதனைகள் செய்தல் வேண்டும்.

முதற் சோதனை, நூல் காரணங் கூறுகின்றதா என்பது. வெள்ளை மூன்றாவதாகக் காலாளை ஈ5க்குத் தள்ள, கறுப்பு தன் மந்திரியை எஃப்5இல் நிறுத்துகின்றது எனக் கொள்வோம். நான்காவதாக வெள்ளை ஓரக் காலாளை எச்4க்குக் கொணரும். இப்பொழுது ஈ6இற் காலாளை வைப்பது கறுப்புக்கு மிக இயல்பாகத் தோன்றும். வைத்தால், வெள்ளை ஜி4இற் காலாளை ஏவி மந்திரியைத் துரத்தும். மந்திரி ஈ4இற் புகுந்தால் எஃப்3; அங்கிருந்து ஜி6க்கு ஒதுங்கினால் எச்5. வீடு திரும்பும் வழியையோ ஈ6இல் நின்ற சொந்தக் காலாளே அடைத்துவிட்டது. மந்திரி மடியும். இவ்விடத்தில் எச்5 என ஆடுக என்று மட்டும் எழுதிச் செல்லும் நூல் மாணவனுக்கு உதவாது. எச்5 ஆடின் ஜி4 தடுக்கப்படும், எச்6 ஆடின் மந்திரிக்கு எச்7இற் புகலிடம் உண்டாகும், ஈ6 ஆடின் வழி அடைபடும் என மூன்றையும் விளக்கும் நூலே நூல். கடையில் நிற்கும்போதே இந்த ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்து நூலின் தகுதியை அறியலாம்.

இரண்டாஞ் சோதனை, எதிரி மெய்யாகவே ஆடும் வழிகளுக்கு நூல் இடந் தருகின்றதா என்பது. பெருவீரர்கள் நெடுங்காலம் வாதித்த வழிகளுக்கு நூறு பக்கங்களை ஒதுக்கி, டி5இற் காலாளை உடனே வெட்டும் எளிய வழிக்கு ஒன்றிரண்டு பக்கங்களே தரும் நூல்கள் உள. பள்ளிப் போட்டிகளிலோ அவ்வெளிய வழியே அடிக்கடி எதிர்ப்படும். இன்னும், வெள்ளை டி4 ஆடாது இரு குதிரைகளையும் முதலில் வெளிக்கொணரும் முறையையும் நோக்குக. வழக்கமான முறையிற் கறுப்பு மந்திரியை எஃப்5க்கும் பின்னர் ஜி6க்கும் கொண்டுசென்று, எச்4க்கு விடையாக எச்6 ஆடுதல் சாலவும் நன்று. இரு குதிரை முறையில் அதே நகர்த்தல்களை ஆடினாற் பெருந்தொல்லை நேரும். வெள்ளைக் குதிரை முன்னரே எஃப்3இல் நிற்பதனால், ஏழாம் நகர்த்தலிலேயே ஈ5இற் பாயும். அடுத்து அரசி எச்5இல் வந்து எஃப்7ஐ அச்சுறுத்தும். மனப்பாடஞ் செய்தவன் இங்கு அகப்படுவான். காரணம் அறிந்தவன் ஆறாம் நகர்த்தலுக்கு முன்பே விழிப்படைவான்.

மூன்றாஞ் சோதனை, நூலின் காலமும் குறியீடும் பற்றியது. பழைய ஆங்கில நூல்கள் பலவற்றிற் கட்டங்களின் பெயர் அவ்வவ் வீரனின் பக்கத்திலிருந்து எண்ணப்படும். அதனால் வெள்ளைக்கு ஒரு பெயருடைய கட்டம் கறுப்புக்கு வேறு பெயருடையதாகும். சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம் 1981இல் அம்முறையைக் கைவிட்டது. அந்நூல்களிலுள்ள விளக்கங்கள் இன்றும் பயன்படும். ஆயினும் முதல் நூலாக அவற்றைக் கொள்ளுதல் மாணவனுக்கு இரட்டைச் சுமையாம்.

நகர்த்தல்களின் வரிசையே உயிரைக் காக்கவும் போக்கவும் வல்லது என்பதற்கு 1997 மே 11 அன்று நியூயோர்க்கில் நடந்த ஆட்டம் சான்றாகும். டீப் புளூ என்னும் கணினியை எதிர்த்துக் காரி கஸ்பாரோவ் காரோ–கான் ஆடினார். ஏழாம் நகர்த்தலில் மந்திரியை டி6இல் வைத்துப் பின்னரே எச்6 ஆடுவது வழக்கம். அவரோ எச்6ஐ முன்னர் ஆடினார். கணினி தன் குதிரையை ஈ6இற் பலியிட்டது. மந்திரி முன்னரே வெளியேறியிருப்பின் அரசனுக்கு ஒதுங்குமிடம் இருந்திருக்கும். வெளியேறாமையால் அரசன் நடுவில் அகப்பட்டான். வெள்ளையின் 19ஆம் நகர்த்தலுடன் கஸ்பாரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஒரு நகர்த்தல் முன்பின்னானமையால் விளைந்த கேடு இது. இதனைக் காரணத்தோடு கற்ற மாணவன் அவ்வரிசையை ஒருபோதும் மறவான்.

கணினியைப் பற்றியும் ஒரு சொல். ஸ்டொக்ஃபிஷ் போன்ற செயலிகள் இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றின் வலிமை எந்த மனிதரையும் விஞ்சியது. ஆனால் அவை சிறந்த நகர்த்தலையும் ஓர் எண்ணையும் காட்டுமேயன்றிக் காரணத்தை மொழியிற் கூறா. ஆதலின் கணினியை ஆசிரியனாகக் கொள்ளாது தேர்வாளனாகக் கொள்க. முதலில் ஆடுக, பின்னர் எங்கே தவறினோம் என்பதைத் தாமே எழுதுக, அதன் பின்னரே கணினியை வினவுக. ஆட்டக் களஞ்சியங்களும் அவ்வாறே. எந்த நகர்த்தல் மிகுதியாக ஆடப்படுகின்றது என்பதை அவை காட்டும். மிகுதியாக ஆடப்படுவதெல்லாம் நன்றென அவை சான்றளிப்பதில்லை.

கற்கும் ஒழுங்கும் இதனால் விளங்கும். விளக்க நூல் ஒன்றில் வெள்ளையின் முதன்மையான வழிகளுக்கு ஒவ்வொரு விடையை முதலிற் கற்க. அடுத்து, அவ்விடைகள் வந்த முழு ஆட்டங்களைப் பலகையில் வைத்து இறுதிவரை ஆடிப் பார்க்க. 1975 முதல் 1985 வரை உலக வெற்றிவீரராயிருந்த அனத்தோலி கார்ப்போவ், 1980களின் பிற்பகுதி தொடங்கி இக்காப்பில் ஆடிய ஆட்டங்கள் இதற்கு மிகப் பொருத்தமானவை. தொடக்கத்திற் பெற்ற சிறு நலன் இறுதியாட்டத்தில் எவ்வாறு பயன் தருகின்றது என்பதை அட்டவணை நூல் காட்டாது. முழு ஆட்டமே காட்டும். பெருநூலை ஐயம் எழும்போது மட்டும் அகராதி போலப் புரட்டினாற் போதும். அகராதியை முதற்பக்கத்திலிருந்து மனனஞ் செய்து மொழி கற்றவர் எவருமிலர்.

கற்றது உள்ளத்திற் பதிந்ததா என்பதை அறிய எளிய வழியொன்றுண்டு. நூலை மூடிவைத்து, ஒவ்வொரு நகர்த்தலையும் ஏன் ஆடினோம் என்று நண்பனுக்கு எடுத்துக் கூறுக. சொல்ல இயலாது நிற்கும் இடமே மீண்டும் படிக்க வேண்டிய இடம்.

கல்லூரி நூல்நிலையத்துக்குச் சதுரங்க நூல் அளிக்க விரும்பும் பழைய மாணவர்கள் இவற்றை மனங்கொள்வாராக. தடித்த பெருநூல் ஒன்றினும், காரணங் கூறும் சிறுநூல் ஒன்றும் முழு ஆட்டங்களின் தொகுப்பொன்றும் இளையோர்க்கு மிகுந்த பயன் தருவன. அவற்றோடு ஒரு பலகையும் காய்களும் சேர்த்து அளிப்பின் இன்னும் நன்று. ஏட்டிற் கண்டதைக் கையால் ஆடிப் பார்த்த மாணவன், எதிரி எவ்வழியிற் புறப்படினும் அஞ்சாது விடை கூறுவான்.