பெரியம்மாவுக்கு லைசென்ஸ்!

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். சிங்கப்பூரில் 1989 முதல் 2024 வரை நடந்தது இதற்கு நேர் தலைகீழ். கண்ணை மூடிக்கொண்டது சட்டம். பூனைகள் சோபாவில் சாய்ந்தபடி, சூரை மீன் டப்பாவை நக்கியபடி, ஜம்மென்று இருந்தன.

விஷயம் இதுதான். சிங்கப்பூர்வாசிகளில் பத்துக்கு எட்டுப் பேர் போல அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள். கட்டித் தருவது 1960-ல் ஆரம்பித்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். அங்கே தமிழும் ஆட்சிமொழி என்பதால் இதற்கு 'வீவக' என்று தமிழிலேயே செல்லச் சுருக்கம் உண்டு. இந்த வீவக வீடுகளில் நாய் வளர்க்கலாம். ஆனால் ஒன்றே ஒன்று, அதுவும் அங்கீகரித்த சின்ன ரகமாக இருக்க வேண்டும். முயல், வெள்ளெலி, தொட்டி மீன், எதற்கும் ஆட்சேபணை இல்லை. பூனை? மூச்! மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம்.

ஏன் என்பதற்குக் கழகம் காரணங்களையும் சொன்னது. பூனையை வீட்டுக்குள் அடைத்து வைப்பது கஷ்டம். வெளியே போனால் ரோமம் உதிர்க்கும், பொது இடத்தில் அசிங்கம் பண்ணும், ராத்திரி கத்தி ஊரைக் கூட்டும். ஒன்றும் பொய்யில்லை. (இதே குணங்களோடு என்னுடன் மேன்ஷனில் ஒருவர் மூன்று வருஷம் இருந்தார். அவருக்கு யாரும் தடை போடவில்லை.)

வேடிக்கை என்னவென்றால், தடை வந்த கொஞ்ச காலத்தில், 1990-களின் தொடக்கத்தில், அதே ஊரின் சுற்றுலாத் துறை 'சிங்கப்புரா' என்ற குட்டிப் பூனை இனத்தை சிங்கப்பூர் ஆற்றின் சின்னமாகத் தேர்ந்தெடுத்தது. பெயர் 'குசிந்தா'. மலாயில் குசிங் என்றால் பூனை, சிந்தா என்றால் காதல். ஆற்றங்கரையில் சிலையெல்லாம் வைத்தார்கள். அதாவது, வெண்கலப் பூனைக்குச் சிலை, நிஜப் பூனைக்கு வீட்டில் இடமில்லை!

சரி, தடை போட்டார்களே, பூனை ஒழிந்ததா? அதுதான் இல்லை. பக்கத்து வீட்டார் புகார் கொடுத்தால் மட்டும் நடவடிக்கை. இல்லாவிட்டால் யாரும் கதவைத் தட்டி 'மியாவ் இருக்கா?' என்று கேட்பதில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளில் பூனைகள் கள்ளக் குடித்தனம் நடத்தின.

அப்படி ஒரு குடித்தனத்தை நானே பார்த்திருக்கிறேன். என்னோடு பி.காம். படித்த நண்பன் சிங்கப்பூரில் வேலை கிடைத்து, நிரந்தரவாசியாகி, பன்னிரண்டாவது மாடியில் வீடும் வாங்கிவிட்டான். 2018-ல் நாலு நாள் அவன் வீட்டில் தங்கினேன். லிஃப்டில் இறங்கும்போது மனைவியிடம் கேட்டான்: "பெரியம்மாவுக்குச் சாப்பாடு வெச்சியா?"

"பெரியம்மா ஊர்லேர்ந்து வந்திருக்காங்களா? சொல்லவே இல்லியேடா!" என்றேன் நான், கணீரென்று.

"அண்ணா, கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றார் அவன் மனைவி பதற்றத்தோடு.

அப்புறம்தான் விளக்கினார்கள். பெரியம்மா என்பது அவர்கள் வீட்டுச் சாம்பல் நிறப் பூனை. காரிடாரிலும் லிஃப்டிலும் 'பூனை' என்ற வார்த்தையே கூடாது. குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தால் பெரியம்மா துணி அலமாரிக்குள் போய்விட வேண்டும். எதிர் வீட்டுத் தமிழ்க்காரர் ஒருநாள், "உங்க பெரியம்மாவைக் கீழே பார்த்ததே இல்லையே, உடம்புக்கு முடியலையா?" என்று கரிசனமாக விசாரிக்க, "மூட்டுவலி சார்" என்று சமாளித்தானாம். மறுநாள் அவர் ஒரு பாட்டில் தைலம் கொடுத்தனுப்பினார்.

சிரிப்பாகத்தான் இருந்தது, 2019 வரை. அந்த வருஷம் ஒரு சாயங்காலம், பார்சல் வாங்கக் கதவைத் திறந்த நேரம் பெரியம்மா வெளியே ஓடிவிட்டது. நீங்களோ நானோ என்ன செய்வோம்? 'காணவில்லை' என்று போட்டோ போட்டு, விலாசம் எழுதி, ஒவ்வொரு தூணிலும் ஒட்டுவோம். அவனால் முடியவில்லை. அந்த நோட்டீஸும் 'எனக்கு அபராதம் போடுங்கள்' என்ற விண்ணப்பமும் ஒன்றுதானே? மூன்று ராத்திரி, ஊர் அடங்கிய பிறகு, மாடி மாடியாகத் தட்டில் ஸ்பூனால் தட்டிக்கொண்டு, "பெரியம்மா... பெரியம்மா..." என்று கிசுகிசுத்தபடி அலைந்திருக்கிறான். ஒன்பதாவது மாடியில் ஒரு சீனப் பாட்டி கதவை இரண்டு அங்குலம் மட்டும் திறந்து எட்டிப் பார்த்தாராம். உள்ளே பெரியம்மா. ஏன் இரண்டு அங்குலம்? பாட்டியிடம் சொந்தப் பூனைகள் ஏற்கெனவே இரண்டு! குற்றவாளிகள் இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டார்கள்.

பெரியம்மாவுக்கு அதிர்ஷ்டம். எல்லாப் பூனைக்கும் ஒன்பதாவது மாடிப் பாட்டி அமைவதில்லை.

நான் காமர்ஸ் ஆசாமி. எனக்கு இதைக் கேட்டதும் கறுப்புப் பணம்தான் ஞாபகம் வந்தது. கணக்கில் வராத சொத்தை அனுபவிக்கலாம். ஆனால் திருடு போனால் போலீஸுக்குப் போக முடியாது. 'இது என்னுடையது' என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதே வசதி இன்னொரு பக்கமும் உண்டு. 'இது என்னுடையது இல்லை' என்று சுலபமாகக் கைகழுவலாம். பூனைக்கு நோய் வந்ததா, குட்டி போட்டதா, வீடு மாற வேண்டுமா, கீழே கொண்டுபோய் விட்டுவிட்டால் யார் கேட்பது? சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை.

கீழே விடப்பட்ட பூனையின் கணக்கு கூட்டுவட்டிக் கணக்கு. ஐந்து மாசத்துக் குட்டியே கர்ப்பமாகலாம். சுமார் ஒன்பது வாரத்தில் பிரசவம், ஒரு ஈட்டில் சராசரியாக மூன்று நான்கு குட்டிகள். அவற்றில் பெண் குட்டிகள் ஆறு மாசத்தில் அதே வேலையை ஆரம்பிக்கும். எந்த பேங்கும் இந்த வட்டி தராது.

இதைச் சமாளிக்க 1998-ல் சிங்கப்பூர் ஒரு நல்ல திட்டம் கொண்டுவந்தது. தெருப் பூனையைப் பிடி, கருத்தடை ஆபரேஷன் செய், பிடித்த இடத்திலேயே விடு. ஆபரேஷன் முடிந்ததற்கு அடையாளமாகக் காது நுனியில் ஒரு சின்ன வெட்டு. (ஓட்டுப் போட்டவர் விரலில் மை மாதிரி.) குடியிருப்பில் உள்ளவர்களே சோறு போட்டு, எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டார்கள். 2003-ல் சார்ஸ் வந்தது. பயத்தில் திட்டத்தை நிறுத்தி, தெருப் பூனைகளைப் பிடித்துக் கொன்றார்கள். அவைதான் நோயைப் பரப்பின என்று நிரூபணம் ஆகவில்லை. பயத்துக்கு எதற்கு நிரூபணம்? கருத்தடைத் திட்டம் திரும்ப வந்தது 2011-ல்.

அதற்குள் ஒரு விஷயம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மேலே வீட்டுக்குள் இருக்கும் பூனையைக் கணக்கில் எடுக்காமல் கீழே தெருவில் இருக்கும் பூனையைக் கட்டுப்படுத்த முடியாது. குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைக்கிற கதை. 2012-ல் சோங் பாங் வட்டாரத்தில் மட்டும் பரிசோதனையாக, கருத்தடை செய்து வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வதானால் பூனை வளர்க்கலாம் என்று அனுமதித்துப் பார்த்தார்கள். 2022-ல் ஊர் முழுக்கக் கருத்துக் கேட்டபோது, பதில் சொன்னவர்களில் கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்பது பேர் வீவக வீட்டில் பூனை இருக்கட்டுமே என்றார்கள்.

கடைசியில் 2024 செப்டம்பர் 1-ம் தேதி தடை நீங்கியது. வீவக வீட்டில் இரண்டு பூனை, தனியார் வீட்டில் மூன்று. ஆனால் சும்மா இல்லை. லைசென்ஸ் வேண்டும். உடம்பில் மைக்ரோசிப் வேண்டும். ஜன்னலுக்கு வலை, வாசலுக்குத் தடுப்பு என்று பூனை வெளியே அலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். லைசென்ஸ் கேட்பவர் வளர்ப்புப் பிராணி பற்றி ஆன்லைனில் ஒரு சின்னப் பாடமும் படிக்க வேண்டும். (கல்யாணத்துக்கும் இப்படி ஒரு பாடம் வைத்தால் தேவலை என்கிறான் நண்பன், மனைவி இல்லாத நேரத்தில்.)

மைக்ரோசிப் என்றதும் பூனை எங்கே போகிறது என்று செயற்கைக்கோள் வழியாகப் பார்ப்பார்கள் என்று நினைக்காதீர்கள். அரிசி அளவுதான் இருக்கும். பேட்டரி கிடையாது. உள்ளே இருப்பது ஒரே ஒரு நம்பர். தோளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்திவிடுவார்கள். பிறகு கருவியைக் கிட்டே காட்டினால் நம்பர் தெரியும். நம்பரைத் தட்டினால் சொந்தக்காரர் பெயர் வரும். தொலைந்த பூனை வீடு திரும்ப அது உதவும். வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனவர் யார் என்றும் அதுவே காட்டிக் கொடுக்கும். இரண்டுக்கும் ஒரே நம்பர். அதுதான் இந்தச் சட்டத்தின் மொத்த சூட்சுமம்.

ஜன்னல் வலையும் வெறும் சம்பிரதாயமில்லை. பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்பது வாஸ்தவம்தான். நடுவானில் உடம்பைத் திருப்பிக்கொள்ளும் திறமை அதற்கு உண்டு. ஆனால் பன்னிரண்டாவது மாடியிலிருந்து விழுந்தால், நாலு காலில் இறங்கினாலும் எலும்பு முறியும், தாடை உடையும், உயிரும் போகும். பல்லியைத் துரத்தும் உற்சாகத்தில் அதற்கு மாடி கணக்கு ஞாபகம் இருக்காது.

சரி, ஏற்கெனவே ஐந்து பூனை வைத்திருப்பவர் என்ன செய்வார்? மூன்றைத் தெருவில் விடுவாரா? இங்கேதான் அதிகாரிகள் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார்கள். 2026 ஆகஸ்டு 31 வரை இரண்டு வருஷ அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் சொல்லி லைசென்ஸ் வாங்கினால் ஐந்தையும் வைத்துக்கொள்ளலாம். அவகாச காலத்தில் கருத்தடை செய்த பூனைக்கு லைசென்ஸ் இலவசம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஆபரேஷனும் மைக்ரோசிப்பும் இலவசம். நம் நாட்டில் 1997-ல் கறுப்புப் பணத்தைத் தானாக முன்வந்து காட்டினால் வரி கட்டி வெள்ளையாக்கலாம் என்று திட்டம் போட்டார்களே, அதே மாதிரி. என்ன, இங்கே வரிக்குப் பதில் வலை.

இதிலும் முணுமுணுப்பவர்கள் உண்டு. பூனை ரோமம் பட்டால் மூச்சிரைக்கும் பக்கத்து வீட்டுக்காரர், ராத்திரி ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர், இவர்கள் கஷ்டம் கற்பனையில்லை. ஆனால் அவர்களுக்கும் இப்போதுதான் லாபம். முன்பு அவர்கள் கையில் இருந்த ஆயுதம் ஒன்றே ஒன்று: புகார். புகார் கொடுத்தால் பூனை போகும், பக்கத்து வீட்டுச் சிநேகிதமும் போகும். இப்போது 'வலையைச் சரியாக மாட்டுங்க சார்' என்று நேராகக் கேட்கலாம். கேட்பதற்கு ஒரு விதி இருக்கிறது. பதில் சொல்ல ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.

கட்டுப்பாடு வேண்டுமென்றால் தடை போடுவதுதான் வழி என்று நாம் நினைக்கிறோம். அபார்ட்மென்ட் சங்கத்திலிருந்து ஆபீஸ் வரைக்கும் நம் முதல் யோசனை 'அனுமதி இல்லை' போர்டுதான். எழுத ஐந்து நிமிஷம். அப்புறம் அதை எல்லோரும் மீறுவதை எல்லோரும் பார்க்காத மாதிரி இருப்பதே பழக்கமாகிவிடும். அந்தப் பாசாங்குக்குச் செலவில்லை என்று தோன்றும். சிங்கப்பூரில் 35 வருஷம் அந்தச் செலவைக் கட்டியது தடை போட்டவர்களும் இல்லை, மீறியவர்களும் இல்லை. பாலத்துக்கு அடியிலும் படிக்கட்டுக்கு அடியிலும் விடப்பட்ட, யாருடையதும் இல்லாத பூனைகள்.

எதிர் வீட்டுத் தமிழ்க்காரருக்கு நண்பன் இப்போது பெரியம்மாவை முறைப்படி அறிமுகப்படுத்திவிட்டான். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்:

"அப்ப அந்தத் தைலத்தை யாருக்குத் தடவினீங்க?"