குரல் யாருடையது?

பெங்களூர் விவேக் நகரானாலும் சென்னை வடபழனியானாலும், செல்போனில் பதிவான தன் குரலை முதன்முறை கேட்பவர் முகம் சுளிப்பார்: "இதுவா நான்?" காரணம் எளியது. பேசும்போது நம் குரல் காற்றின் வழியே மட்டுமல்ல, மண்டை எலும்பின் வழியேயும் காதை எட்டுகிறது. எலும்பு அதற்குக் கனம் சேர்க்கிறது. பதிவில் அந்தக் கனம் இல்லை. பிறர் கேட்பது பதிவில் உள்ள குரலைத்தான்.

தொழிலில் பழகிய டப்பிங் கலைஞர்களுக்கு இந்தக் கூச்சம் இல்லை. அவர்கள் குறை வேறு: ஊரே கேட்ட குரல் யாருடையது என்று ஊருக்குத் தெரியாது. 1993இல் வந்த மலையாளப் படம் 'மணிச்சித்ரதாழ்'. அதில் நாகவல்லியாகச் சீறும் ஷோபனாவின் தமிழ்க் குரல் பாக்யலட்சுமியுடையது என்றே ரசிகர்கள் நம்பினர். அது தமிழ் டப்பிங் கலைஞர் துர்காவுடையது என்று இயக்குநர் ஃபாசில் சொன்னது 2016இல். அதுவரை 23 ஆண்டுகள், பாராட்டு வேறு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது.